கடைசியாக வந்தவள் சொல்கிறேன்

பின்னேரம் ஐந்து மணிக்குக் கடற்கரை மரவாங்கில் வந்து குந்துகிற என் வயதுக்காரரே, நேற்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து எனக்குப் புத்தி சொன்னீர்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு எழும்பிப் போனேன். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இன்னும் இரண்டு நிமிடம் இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அதனால்தான் போனேன். வாங்கின கடலைச் சுருளைக்கூட அங்கேயே விட்டுவிட்டேன். அதைக் கடற்கரையில் திரிகிற மான்கள் கடதாசியோடு தின்றிருக்கும்.

கதை என் பேத்தியைப் பற்றியது. ஒன்பது வயது. இரண்டு வருடமாகக் கராத்தே வகுப்புக்குப் போகிறாள். அவளோடு சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் பட்டி, செம்மஞ்சள் பட்டி என்று ஏறிவிட்டார்கள். இவள் இன்னும் வெள்ளைப் பட்டியோடு பின்வரிசையில் நிற்கிறாள். காலைத் தூக்கச் சொன்னால் விழுகிறாள். என் மகள் அவளை நிற்பாட்டிச் சங்கீதத்தில் விடப் பார்க்கிறாள், ஏனென்றால் பிள்ளைக்கு நல்ல குரல். பேத்தியோ கராத்தேயை விடமாட்டேன் என்று ஒரு கிழமையாக அழுகிறாள். இதை வாய் தவறி உங்களிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற தபாலதிபர் உடனே, "பிள்ளைக்கு எது வருமோ அதிலதான் விடவேணும். வராததைப் பிடிச்சுத் தொங்கினால் பிள்ளைக்குத்தான் அவமானம்" என்றார். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள்.

தலையாட்டுவதற்கு முன்னால் என்னைக் கேட்டிருக்கலாம். நான் ஓட்டத்தில் கடைசியாக வந்தவள். ஒருமுறை தவறிப்போய் வந்தவள் அல்ல, வருடா வருடம் வந்தவள். இந்த விஷயத்தில் உங்கள் எல்லாரையும்விட எனக்குத்தான் பேச உரிமை இருக்கிறது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில், துறைமுக ஊழியர்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா இறங்குதுறையில் பாரம் இறக்குகிற இயந்திரம் ஓட்டினார். அவருடைய சட்டையில் கிறீஸ் மணமும் கோதுமை மாவு மணமும் சேர்ந்து வரும். அம்மா பாலையூற்றில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். நான் டவுனில் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தேன்.

எனக்கு வந்தது பேச்சு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆறு வயதிலிருந்து பேச்சுப் போட்டி என்றால் எனக்குத்தான் முதலிடம். பேச்சை அம்மா நீலக் கரைபோட்ட கொப்பியில் எழுதித் தருவார். நான் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மனப்பாடம் சொல்வேன். அம்மா பின்னால் கதிரையில் இருந்து அடிமட்டத்தால் கதிரைக் கையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் கையை உயர்த்த வேண்டும். இரண்டு தட்டு என்றால் பிழை விட்டிருக்கிறேன். அநேகமாக ஒரே பிழைதான்.

"கடைசி எழுத்தை விழுங்காதை. சொல்லை முழுசா வெளிய விடு. திரும்பவும் சொல்லு பாப்பம்."

கிண்ணம் கிண்ணமாக வந்தது. தகரத்தில் வெள்ளிப் பூச்சுப் பூசின கிண்ணங்கள். அலுமாரியின் மேல்தட்டில் சேலைகளை ஒதுக்கிவிட்டு அம்மா அவற்றை அடுக்கி வைத்தார். பிறகு சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஓடினபோது அலுமாரியோடு எல்லாம் போய்விட்டன. ஒன்றைக்கூட நான் தேடவில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் முதல்நாள் எனக்குச் சோறு இறங்காது. மேடையில் நிற்கிறவள் நான், வாயில் வருகிறது அம்மாவின் சொல். கைதட்டு எனக்கென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஓட்டம் அப்படி இல்லை. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, என்னை ஓடச் சொல்லவும் இல்லை. பதினொரு வயதில் ஒருநாள் வகுப்போடு மைதானத்துக்குப் போனபோது மூன்று சுற்று ஓட்டத்துக்குப் பெயர் கேட்டார்கள். விளையாட்டுக்காகப் பிள்ளைகளை நான்கு இல்லங்களாகப் பிரித்திருந்தார்கள், எங்கள் மஞ்சள் இல்லத்தில் ஆட்கள் குறைவு. கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அன்றைக்கே ஓடவிட்டார்கள். முதல் சுற்றிலேயே பின்னுக்குப் போய்விட்டேன். இரண்டாம் சுற்றில் தொண்டையில் இரும்பு ருசி. மூன்றாம் சுற்றில் நான் எதிர்பாராத ஒரு புதினம் நடந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஓடி முடித்துவிட்டார்கள். மைதானத்தில் நான் மட்டும். கடற்பக்கம் திரும்புகிற மூலையில் காற்று முகத்தில் அடித்தது, உப்பு உதட்டில் ஒட்டியது, சுண்ணாம்புக் கோடு எனக்கு முன்னால் வெறுமனே கிடந்தது. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. பயம் இல்லை. ஐயோ, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! அந்த ஒரு சுற்றுக்காகத்தான் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பள்ளிக்கூடம் விட்டதும் நின்று ஓடினேன். கன்வஸ் சப்பாத்தின் பெருவிரல் பக்கம் பிய்ந்து போகும்வரை ஓடினேன். வேகம் கூடவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை.

கவலைப்பட்டவர் அம்மா. அந்த வருட விளையாட்டுப் போட்டிக்கு அம்மா வந்திருந்தார். மற்றப் பிள்ளைகள் முடித்துவிட்டுத் தோடம்பழம் சூப்பிக்கொண்டிருக்க, நான் இன்னும் அரைச்சுற்றுத் தூரத்தில் வந்துகொண்டிருந்தேன். பெற்றோருக்குப் போட்ட கொட்டகையில் யாரோ ஒரு ஆள் எழும்பி, "பிள்ளை, பொழுது படப்போகுது, கெதியா வா!" என்று கத்தினார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, எங்கள் அயலட்டைச் சனம்தான். அம்மா மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்திருந்தார்.

அடுத்த வருடப் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன்னால் எங்கள் விளையாட்டு ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். மெலிந்து உயர்ந்த மனுஷி, கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்கொரு நல்ல விஷயம் வைச்சிருக்கிறன். இந்த முறை அறிவிப்பாளர் நீதான். முழு நாளும் மைக் உன்ர கையில."

"ஓட்டம் எப்ப ரீச்சர்?"

"அதென்ன கதை? அறிவிப்பாளர் மேசையை விட்டு எழும்ப ஏலாது. உன்ர பேரை வெட்டியாச்சு."

பட்டியலைக் காட்டினார். சிவப்பு மையால் என் பெயரின் மேல் ஒரு நேர்கோடு. அடிமட்டம் வைத்து வெட்டியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வழக்கமில்லாமல் சர்க்கரை போட்டுப் பால் தேத்தண்ணி வைத்திருந்தார். கண்டதும் விளங்கிவிட்டது. அம்மாதான் போய்க் கதைத்திருக்கிறார்.

"ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"உன்ர நன்மைக்குத்தான் செய்தனான். கடவுள் உனக்கு நாக்கைத் தந்திருக்கிறார், காலைத் தரேல்லை. அறிவிப்பாளர் எண்டால் சும்மாவே? பள்ளிக்கூட அதிபருக்குப் பக்கத்தில இருப்பாய்."

"எனக்கு ஓட விருப்பம்."

"வராததில என்ன விருப்பம் பிள்ளை?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவிக்கொண்டு, "அம்மா சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார். அத்தோடு கதை முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. பாலாடை கட்டி ஆறும்வரை அது மேசையிலேயே இருந்தது.

இன்று பேத்தி காலைத் தூக்கி விழும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு பற்றி எரிகிறது. அப்போதுதான் அம்மா அன்றைக்குப் பட்ட பாடு விளங்குகிறது. அந்தச் சிரிப்பிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகத்தான் அவர் பார்த்தார். விளங்குகிறது, ஆனால் அம்மா செய்தது பிழைதான். செத்துப்போனவர் என்பதற்காக நான் அதைச் சரி என்று சொல்லப் போவதில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்து படித்த சிநேகிதி கிண்ணியாக்காரி. அந்த நாளில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. விடியவே பாதை என்கிற மிதவையில் ஏறி, தண்ணீரைக் கடந்து, பஸ் பிடித்து வருவாள். ஓட்டத்தில் அவளை வெல்ல எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. அவளும் மஞ்சள் இல்லம்தான். நான் அழுதுகொண்டு விஷயத்தைச் சொன்னபோது அவள் கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்குடி அழுறாய்? ஓடுறவங்கட பேரைக் கூப்பிடுறது ஆர்?"

"நான்தான்."

"அப்ப உன்ட பேரையும் கூப்பிடு. மைக்கில கூப்பிட்டா அதை ஆர் வெட்டுற? முடிச்சா இல்லத்துக்கு ஒரு புள்ளியும் இரிக்கி."

சொல்லிவிட்டு மிச்சக் கொய்யாக்காயை எனக்குத் தந்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவின காய். அந்த யோசனை எனக்கு வராமல் போனது இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

போட்டி நாள் வந்தது. மாசி மாத வெயில். காலையிலிருந்து கழுத்துப் பட்டி கட்டி, கறுப்புச் சப்பாத்துப் போட்டு, அதிபரின் கொட்டகையில் மைக்குக்கு முன்னால் இருந்தேன். வேப்பமரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டியிருந்தார்கள். ஒன்று மைதானத்தைப் பார்த்தபடி, மற்றது துறைமுகத்தைப் பார்த்தபடி. நான் பேசினால் இறங்குதுறைவரை கேட்கும். அப்பா அங்கே வேலையில் இருந்தார். அம்மா லீவு போட்டுவிட்டு வந்து கொட்டகையில் முதல் வரிசையில் இருந்தார். புதுச் சேலை. நான் ஒவ்வொரு அறிவிப்புச் செய்யும்போதும் அவருடைய உதடும் அசைந்தது.

நன்றாகத்தான் செய்தேன். பிரதம விருந்தினர்கூட என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்னேரம் மூன்று மணிபோல எங்கள் வயதுப் பிள்ளைகளின் மூன்று சுற்று ஓட்டம் வந்தது. முதலாம் அழைப்புச் சொன்னேன். இரண்டாம் அழைப்புச் சொன்னேன். எட்டுப் பிள்ளைகள் கோட்டுக்குப் போனார்கள். மேசைக்குக் கீழே காலாலேயே சப்பாத்தைக் கழற்றினேன்.

"பன்னிரண்டு வயதுப் பெண்கள், மூன்று சுற்று ஓட்டம், இறுதி அழைப்பு" என்று சொல்லி எட்டுப் பெயரையும் வாசித்தேன். பிறகு ஒன்பதாவதாக என் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரோடு சேர்த்து, முழுப் பெயராக, பட்டியலில் வெட்டாமல் இருக்கிறது மாதிரியே சொன்னேன். மைக்கை மேசையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மைதானத்தின் குறுக்கே நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன். ஓடினால் பிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது.

வெடித்துவக்கோடு கோட்டில் நின்ற மாஸ்டர் என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். கிண்ணியாக்காரி, "பேர் கூப்பிட்டது கேக்கல்லியா சேர்?" என்றாள். மாஸ்டர் தோளைக் குலுக்கிவிட்டு வெடி வைத்தார்.

நான் ஒரு பிழை விட்டிருந்தேன். மைக்கை நிற்பாட்டாமல் வந்துவிட்டேன். முதல் சுற்று ஓடும்போது வேப்பமரத்திலிருந்து அதிபரின் குரல் வந்தது. "உந்தப் பிள்ளை எங்க போகுது?" பிறகு யாரோ சோடாப் போத்தல் திறக்கிற சத்தம். பிரதம விருந்தினரின் இருமல். மைதானம் முழுக்கச் சிரிக்கத் தொடங்கியது. இரண்டாம் சுற்றில் நான் வழக்கம்போலப் பின்னுக்குப் போய்விட்டேன். கழுத்துப் பட்டி முகத்தில் அடித்தது. சூடேறின மணல் உள்ளங்காலைச் சுட்டது.

அப்போது குழாயிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. மேசைக்கு ஓடி வந்திருக்கிறார்.

"ஐயோ, ரீச்சர், அந்தப் பிள்ளையை நிப்பாட்டுங்கோ! எல்லாரும் சிரிக்கினம்!"

விளையாட்டு ரீச்சரின் குரல், "இனி நிப்பாட்ட ஏலாது. பேரைக் கூப்பிட்டாச்சு" என்றது.

அம்மா அழுகிற சத்தமும் கேட்டது. எனக்குக் கேட்டது, மைதானத்துக்குக் கேட்டது, துறைமுகத்துக்கும் கேட்டிருக்கும். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் அம்மா சொல்லி நான் செய்யாத காரியம் ஒன்றுமில்லை. நிற்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன்.

நிற்கவில்லை.

மூன்றாம் சுற்றில் மறுபடியும் நான் மட்டும். கிண்ணியாக்காரி எப்போதோ முதலாவதாக வந்து, புல்லில் கால் நீட்டி இருந்து தோடம்பழம் தின்றுகொண்டிருந்தாள். நான் கடந்து போகும்போது, "இன்னும் அரைச் சுத்துத்தான் இரிக்கி, விட்டிராதை!" என்று வாயில் பழத்தோடு கத்தினாள். கடற்பக்க மூலையில் அதே காற்று. இந்த முறை சிரிப்பும் கூடவே வந்தது. சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவர்கள் கதிரையில் இருந்து சிரிக்கிறார்கள், நான் ஓடுகிறேன். முடிவுக் கோட்டில் நாடாவைச் சுருட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டை மிதித்துத்தான் முடித்தேன்.

நான் இத்தோடு வென்றேன் என்று சொல்வேன் என எதிர்பார்க்காதீர்கள். அந்த ஒரு புள்ளியால் மஞ்சள் இல்லம் ஜெயிக்கவும் இல்லை. நான்கு இல்லத்தில் நாங்கள் நாலாவது. யாரும் வந்து கட்டிப்பிடிக்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போனேன், ஏனென்றால் முடிவு சொல்ல வேண்டியதும் நான்தான். மேசையில் நடுவர் துண்டு காத்திருந்தது. அதிபர் என்னைப் பார்க்காமல் அதை என் பக்கம் தள்ளினார். அம்மா கதிரையில் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

துண்டில் மூன்று பெயர்தான் இருந்தது. வழக்கமும் அதுதான், மூன்றாம் இடத்தோடு முடிந்துவிடும். முதலாம் இடம் என்று கிண்ணியாக்காரியின் பெயரைச் சொன்னேன். இரண்டாம் இடம், மூன்றாம் இடம் சொன்னேன். மூச்சு இரைத்தது. விளையாட்டு ரீச்சர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"ஒன்பதாம் இடம்" என்றேன். பிறகு என் பெயரைச் சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. எட்டுப் பேச்சுப் போட்டியில் வென்றும் எனக்கு அப்படியொரு அமைதி கிடைத்ததில்லை. அம்மா எழுதித் தராமல் நான் மைக்கில் சொன்ன முதல் வசனம் அது.

வீட்டுக்கு நாங்கள் இருவரும் நடந்தே வந்தோம். அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வந்ததும் குசினிக்குள் போய்த் தேங்காய் திருவத் தொடங்கினார். அப்பா வேலை முடிந்து வந்தார். வாசலிலேயே, "என்ன, ஒன்பதாமாமே! இறங்குதுறை முழுக்கக் கேட்டது. கப்பல்காரனே என்னவெண்டு கேட்டவன்" என்று சிரித்தார். குசினியில் திருவுகிற சத்தம் நின்றது. அப்பாவின் சிரிப்பும் நின்றது.

மிச்சத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. பேச்சு எனக்கு உதவவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், இத்தனை வருடம் வேலை செய்தது இந்த நாக்கை வைத்துத்தான். ஆனால் இடம்பெயர்ந்து தோப்பூர்ப் பக்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதும், என் கணவர் போனபிறகு தனியாக வீட்டைக் கொண்டு நடத்தியபோதும், எனக்குக் கைகொடுத்தது வந்த வித்தை அல்ல. எல்லாரும் முடித்துவிட்டுப் போனபிறகும் மிச்சச் சுற்றை ஓடத் தெரிந்திருந்தது, அதுதான். நன்றாக வருவதைச் செய்ய எந்தப் பிள்ளைக்கும் பிடிவாதம் தேவையில்லை. வராததை விரும்பிச் செய்கிற பிள்ளையைக் கண்டால் விலகி நில்லுங்கள். மகளிடம் சொல்லிவிட்டேன், நாளையிலிருந்து பேத்தியைக் கராத்தேக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆகவே பின்னேரம் ஐந்து மணிக்கு வாங்கில் என்னைத் தேட வேண்டாம். அவள் விழுவதைப் பார்க்க உங்களில் யாருக்காவது விருப்பம் என்றால் வாருங்கள். சிரிக்கிறதென்றாலும் சிரியுங்கள். அவள் எழும்பிவிடுவாள்.

அன்றைக்கு அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. அடி விழும் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"ஒன்பதாம் எண்டதில கடைசி எழுத்தை விழுங்கிப் போட்டாய்" என்றார். "மூச்சு வாங்கினால் நிண்டு, மூச்சை எடுத்துப்போட்டுச் சொல்லவேணும். எத்தினை தரம் சொல்லித் தந்தனான்?"

அடுத்த வருடமும் ஓடினேன். முடித்துவிட்டு மேசைக்கு வந்து, நின்று, மூச்சை நன்றாக எடுத்து, கடைசி எழுத்துவரை தெளிவாகச் சொன்னேன்.

பத்தாம் இடம்.